துளை வேண்டாம்

வேலைச் சீட்டில் இரண்டே சொல்:
துளை வேண்டாம்.
டாக்டர் ஜோம்போரின் சாய்ந்த எழுத்து.
அதன் கீழ் என் பெயர், போக்லார்கா,
பீங்கானின் நிற எண்,
மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மார்ச்.

அந்தப் பல் எனக்கு நினைவிருக்கிறது.
மேல்வரிசை, இடப்பக்கம், கோரைப்பல்லுக்கு அடுத்தது.
இரண்டு முகடு, நடுவே பள்ளம்.
பள்ளத்தில் தேநீர்க் கறை போல ஒரு கீற்று
நானாகத்தான் தீட்டினேன், யாரும் கேட்கவில்லை.
புதுப் பல் என்று காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே.
துளை இருந்திருந்தால் கீற்றுக்கு இடமேது?
சீட்டைப் படித்தபோது, உள்ளதைச் சொன்னால்,
எனக்குச் சந்தோஷம்தான்.

இன்று அதே பல் சிறு பிளாஸ்டிக் பையில்
இரண்டாகப் பிளந்து திரும்பியிருக்கிறது.
கழற்ற வழியில்லை, அறுத்தோம் என்று குறிப்பு.
கூடவே இன்னொரு பை.
அதில் நொய்யரிசி அளவில் ஏதோ,
மஞ்சளோடிய வெள்ளை.
உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன்.
ஒரு பக்கம் வழவழப்பு, டைட்டானியத்தின் வளைவு அப்படியே.
மறுபக்கம் சொரசொரப்பு, ஈறுச் சதையின் அச்சு.
சிமென்ட்.
ஒட்டியது போக மிச்சம்.

பல்லை அழுத்தும்போது மேலே பிதுங்கியதை
ஜோம்போர் துடைத்திருப்பார்,
நூல் விட்டு இழுத்திருப்பார்,
கண்ணாடி காட்டிச் சிரிக்கச் சொல்லியிருப்பார்.
கீழே இறங்கியதை எந்த நூலும் தொடவில்லை.
எக்ஸ்ரேயிலும் அது விழவில்லை.
விழுந்தது எலும்பு போன இடம் மட்டும்,
கரையை ஆறு தின்ற மாதிரி.

கெப்ஹார்ட், எல்லைக்கு அப்பால் மாட்டர்ஸ்பூர்க்காரர்.
ரயிலேறி எங்கள் ஷோப்ரோனுக்குப் பல் கட்ட வருகிறவர்களில் ஒருவர்.
தீயணைப்புப் படையின் பேண்டில் டிரம்பெட் ஊதுகிறார்.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
அவருக்குச் சொல் போகவில்லை, நிறையவே பேசுகிறார்.
ஊதி முடித்தால் வாயில் உலோக ருசி வருமாம்.
பித்தளை என்றே இரண்டு வருடம் நினைத்திருந்தாராம்.

ஜோம்போர் போன் செய்தார்.
யார் தப்பு என்று இருவரும் கேட்கவில்லை.
கேட்காதது இருவர் காதிலும் விழுந்தது.
பிறகு அவர்: துளையோடு செய்.

ஈறு ஆற நான்கு மாதம்.

முகட்டுக்கிடையில் தொடங்கி அடிவரை ஒரு சுரங்கம்,
திருகாணி இறங்க, திருகாணி ஏற.
ஒட்டும் வேலை இப்போது வாய்க்குள் இல்லை,
என் மேசையில், விளக்குக்குக் கீழே,
எச்சிலும் ரத்தமும் எட்டாத இடத்தில்.
சுரங்கத்தில் டெஃப்லான் அடைத்து,
டைட்டானிய அடிக்கட்டைமேல் பீங்கானை அமுக்குகிறேன்.
பிதுங்குகிறது சிமென்ட்,
அன்றைக்குப் பிதுங்கிய அதே மாதிரி.
பல்லைக் கையிலெடுத்துத் திருப்புகிறேன்.
ஒளிய இடமில்லை அதற்கு.
துடைத்து, இறுகவிட்டு, ரப்பர் சக்கரத்தில் தேய்த்து,
நகத்தால் சுற்றிலும் தடவுகிறேன்.
இணைப்பு எங்கே என்று நகத்துக்குத் தெரியக் கூடாது.
தெரிந்தது. மறுபடி தேய்த்தேன்.

பொருத்தும் நாள் நானும் போனேன், அழைக்காமலே.
முப்பத்தைந்தில் சாவி 'டக்' என்றது.
அடைப்பதற்கு முன்
கெப்ஹார்ட் கைக்கண்ணாடியை வாங்கி
வாயைப் பிளந்து வெகுநேரம் பார்த்தார்.
மன்னிப்புக் கேட்க நான் சொல் தேடிக்கொண்டிருந்தேன்.
"என் டிரம்பெட்டிலும் ஒரு துளை உண்டு," என்றார்,
"தேங்கிய எச்சிலை இறக்க.
மறந்தால் மூன்றாவது பாட்டில் குளறும்."
ஜோம்போர் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வர
ரயில்வே கேட் வரை நடக்க வேண்டியிருந்தது.

துளை, கீற்றில் பாதியைத் தின்றுவிட்டது.
மீதிப் பாதியைச் சரிவில் தீட்டியிருக்கிறேன்.
மேலே அடைத்த பூச்சு ஒரு சாயல் வெளுப்பு,
அவர் கொட்டாவி விட்டால் மட்டும் தெரியும்.

நொய்யை எறியவில்லை.
இழுப்பறையில், பையோடு, கிடக்கிறது.

இன்று காலை வந்த சீட்டு, வேறொரு டாக்டர், வேறொரு வாய்:
துளை வேண்டாம்.
கீழே கையெழுத்திடாமல்
போனை எடுக்கிறேன்.